மூத்தாரின் சுண்டு விரல்

என்னைச் சந்தேகப் பிராணி என்று சொல்லாதவர்கள் எங்கள் குடும்பத்தில் யாருமில்லை. பால்காரர் ஊற்றும் பாலை விரலில் தொட்டுப் பார்ப்பேன். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கூடையில் போடுவேன். மீன்காரர் சிரித்துக்கொண்டே “நல்ல மீன்தாம்மா” என்று சொல்லிவிட்டால் என் சந்தேகம் இரண்டு மடங்காகிவிடும். நல்ல மீனுக்கு எதற்குச் சிரிப்பு? இந்தப் புத்தியால் எத்தனையோ பேரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு முறை மட்டும் அது உருப்படியான காரியம் ஒன்றைச் செய்தது.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுவதும் பேச்சாக இருந்த காலம். நாங்கள் காஜா பெராங்கில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து சாலை முனையில் தண்ணிக் கடை வைத்திருந்தார்கள். காப்பி, டீ, ரொட்டி, காலையில் இலையில் மடித்த நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, அவ்வளவுதான் கடை. அண்ணன் டீ ஆற்றுவார், தம்பி கல்லாவையும் மேசைகளையும் பார்த்துக்கொள்வார். குடியுரிமை எடுப்பதா, கப்பலேறி ஊருக்குத் திரும்புவதா என்று விடிந்தது முதல் அங்கே ஒரே வாதமாக இருக்கும். அண்ணன் கலியாணமான கொஞ்ச நாளிலேயே மனைவியைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர். வேறு யாரையும் கட்டிக்கொள்ளாமல் எங்களோடும் எங்கள் பிள்ளைகளோடும்தான் இருந்தார்.

அவர் எனக்கு மூத்தார். மூத்தார் முன்னால் தம்பி மனைவி வந்து நிற்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். திரும்ப இடமில்லாத ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில்கூட எங்கள் ஆட்கள் இந்த மரியாதையை விடவில்லை. டவுனுக்கு வந்த பிறகா விடப் போகிறார்கள்? சோறு ஆகிவிட்டது என்று அவருக்குச் சொல்ல வேண்டுமானால் நான் சுவரைப் பார்த்து, “சோறு ஆயிடுச்சு” என்பேன். அவர் தூணைப் பார்த்து, “இந்தா வர்றேன்” என்பார். எங்கள் வீட்டுச் சுவரும் தூணும் கேட்ட பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று நான் தட்டை நீட்டுவேன், என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போய் அண்ணன் முன்னால் வைப்பார். இத்தனை வருஷம் ஒரே கூரைக்கடியில் இருந்தும் மூத்தாரின் முகத்தை நான் கிட்டத்தில் முழுசாகப் பார்த்தது கிடையாது. கதவிடுக்கு வழியாகத் தெரிவது அவருடைய வலது கைதான். தட்டில் இறங்கும் அந்தக் கையை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் சிட்டிமார்களின் கம்பம், அதாவது குடியிருப்பு. எங்களைப் போலவே பொட்டு வைத்து விளக்கேற்றிச் சாமி கும்பிடுவார்கள், ஆனால் வாயைத் திறந்தால் வருவது மலாய்தான். அவர்களுடைய மாரியம்மன் கோயில் திருவிழாவில் மற்றத் தமிழர்களான நாங்களும் நேர்ந்துகொண்டு காவடி எடுப்போம், தீச்சட்டி எடுப்போம். மூத்தார் வருஷா வருஷம் தீச்சட்டி எடுப்பவர். சட்டிக்கு அடியில் வேப்பிலையைக் கனமாக வைத்துத்தான் எல்லாரும் பிடிப்பார்கள். அப்படியும் வழியெல்லாம் முகம் கோணும், பல்லைக் கடிப்பார்கள், கையை மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள்.

அந்த வருஷம் மூத்தார் வேப்பிலையைத் தள்ளிவிட்டார். சட்டியை வெறுங்கையில் ஏந்திக்கொண்டு புறப்பட்டார். இடது கையில் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்து வைத்திருந்து பிறகு வலது கையோரத்துக்கு மாற்றினார், அப்புறம் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல் வலது கையிலேயே வைத்துக்கொண்டார். கூட்டம் அரோகரா போட்டது. பெண்கள் குடத்தோடு வந்து காலில் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் கண் கலங்கி நின்றார். நானும் கும்பிட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. கும்பிட்ட கையை இறக்குவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது.

முதலில் வந்தது மட்டமான சந்தேகம்தான். ஆள் கையில் எதையோ தடவியிருக்கிறார் என்று நினைத்தேன். கற்றாழைச் சாறு, வாழைமட்டைச் சாறு என்று வித்தைக்காரர்கள் தடவுவதைத் தோட்டத்தில் கேள்விப்பட்டிருக்கிறேன். மறுநாள் அவர் கடைக்குப் போனதும் அவருடைய துண்டை எடுத்து மோந்து பார்த்தேன். அலமாரியில் துழாவினேன். விபூதிப் பையும் ஒரு சீப்பும் இருந்தன. வேறு ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அன்று மதியம் அந்தக் கை தட்டில் இறங்கியபோதுதான் பார்த்தேன். உள்ளங்கையில், சுண்டு விரலுக்குக் கீழே, பெரிதாக ஒரு கொப்புளம். சாப்பிடும்போதே அது உடைந்து நீர் வழிந்தது. அவர் கவனிக்கவே இல்லை. ரசத்தை ஊற்றிப் பிசைந்து, கொப்புளத்தில் புளியும் மிளகும் பட, நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இங்கே கதவுக்குப் பின்னால் கை எரிந்தது.

அந்தச் சுண்டு விரலை உற்றுப் பார்த்தேன். மற்ற விரல்கள் சோற்றைச் சேர்த்து உருட்டின. சுண்டு விரல் மட்டும் அழைக்காத விருந்தாளி போல ஒதுங்கி வெளியே நின்றது. முன்னால் அது அப்படி நின்றதில்லை. இத்தனை வருஷமாக நான் கிட்டத்தில் பார்த்த ஒரே உறுப்பு அந்தக் கை, எனக்குத் தெரியாதா?

நான் பிறந்த தோட்டத்தில் பக்கத்து லயத்தில் ஒருவர் இருந்தார். அடுப்பில் கிடக்கும் கங்கை விரலால் எடுத்துச் சுருட்டுப் பற்றவைப்பார். பிள்ளைகள் நாங்கள் சுற்றி நின்று கை தட்டுவோம், அவரும் எங்களுக்காக இன்னொரு தரம் எடுத்துக் காட்டுவார். அப்புறம் அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின, புருவம் உதிர்ந்தது. ஒரு நாள் காலையில் லாரி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. குஷ்டம் பிடித்த பெருவியாதிக்காரர்களுக்கென்று எங்கேயோ வேலி போட்ட ஊர் இருக்கிறது, அங்கே என்றார்கள். அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு யாரும் தண்ணீர்கூடப் புழங்கவில்லை. அவர்களும் எங்கோ போய்விட்டார்கள்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. நம் சந்தேகம் தப்பாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே, அதைச் சோதிக்கவும் ஆரம்பித்தேன். மூத்தாருக்குக் காப்பியை எப்போதும் வட்டைக் கிண்ணத்தோடு அனுப்புவேன். ஒரு நாள் வட்டை இல்லாமல், கொதிக்கக் கொதிக்கப் பித்தளை டம்ளரை மட்டும் முறத்தில் வைத்து நீட்டினேன். முறத்திலிருந்து எடுக்கப்போன என் வீட்டுக்காரர் “ஆ!” என்று கையை உதறிக்கொண்டார். மூத்தாரோ டம்ளரின் அடியைச் சுண்டு விரலாலும் மோதிர விரலாலும் தாங்கியபடி, அவசரமில்லாமல் ஊதி ஊதிக் குடித்தார்.

இன்னொரு நாள் மத்தியான வெயிலில் அவர் பொதுக்குழாயிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டை இல்லை. நான் ஜன்னலில் திரையாகக் கட்டியிருந்த சேலைக்குப் பின்னால் நின்றேன். ஒரு பெண் மூத்தாரை அப்படி ஒளிந்து பார்ப்பது யார் கண்ணிலாவது பட்டிருந்தால் என் பெயர் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயில் வரைக்கும் நாறியிருக்கும். முழங்கைக்கு மேலே அவர் பட்டையாகப் பூசியிருந்த விபூதி தண்ணீரில் கரைந்து போயிருந்தது. விபூதி போன பிறகும் அங்கே ஒரு வெளுப்பு இருந்தது. தோளும் கையும் வியர்வையில் பளபளத்தன. அந்த வெளுப்பு மட்டும் சொட்டு வியர்வையில்லாமல் காய்ந்து கிடந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு இனிமேல் சோதனை வேண்டியிருக்கவில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொன்ன நேரம் சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அதற்கு நல்ல நேரம் எங்கே இருக்கிறது? அப்போது மூத்தாரின் பெயர் ஊரில் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நாலு பேர் வீட்டு வாசலுக்கு வந்து அவர் கையால் விபூதி வாங்கிப் போனார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கி வந்தார்கள்.

“அண்ணனுக்கு அம்மன் எறங்கியிருக்கு. நீ வியாதி கியாதின்னு ஒளர்ற. நாக்கு அழுகிடும்,” என்றார் என் வீட்டுக்காரர்.

“சூடு தெரியலங்க அவருக்கு. கொப்புளம் ஒடஞ்சதுகூடத் தெரியல.”

“அதான் அருள்!”

“அருளுன்னா ஏன் சுண்டு வெரலுக்கும் பக்கத்து வெரலுக்கும் மட்டும் வருது? கட்ட வெரலு என்னா பாவம் பண்ணுச்சு?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, “அண்ணன அனுப்பிட்டுக் கடைய நாமளே எடுத்துக்கலாம்னு பாக்குறியா?” என்று கேட்டார்.

இத்தனை வருஷம் ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு, என்னை ஒருவர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் வீசினேன். அன்று அவருக்கு ரசம் கிடைக்கவில்லை, மறுநாளும் கிடைக்கவில்லை. ஆனால் இரவெல்லாம் யோசித்ததில் அவர் மேல் கோபம் போய்ப் பயம்தான் மிஞ்சியது. அவர் நம்பாவிட்டால் யாரிடம் போவது? ஊரில் ஒரு வார்த்தை கசிந்தாலும் கடையில் ஈ கூட உட்காராது.

தமிழ் தெரியாத ஒருவரிடம் சொன்னால் வம்பு பரவாது என்று கணக்குப் போட்டேன். பின்வீட்டுச் சிட்டி அம்மா எனக்குத் தாய் வயது. பீபி என்று கூப்பிடுவேன். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவரிடம் என் அரைகுறை மலாயில் சொன்னேன். சுண்டு விரலைக் காட்டினேன், நெருப்பைக் காட்டினேன். “தா ராசா,” என்றேன். உணர்ச்சி இல்லை என்று அதற்கு அர்த்தம்.

அவர் துணியை அப்படியே விட்டுவிட்டு வேலியோரம் வந்தார். “தா ராசா?” என்று இரண்டு முறை கேட்டார். அந்தக் கோயில் அவர்கள் கோயில், பரம்பரையாகச் சட்டி எடுப்பவர்கள். அவரும் அருள் என்றுதான் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். தன் அப்பாவும் அண்ணனும் சட்டி எடுத்தார்கள், எல்லாருக்கும் வலித்தது, வலியைத் தாங்குவதுதான் நேர்த்திக்கடன், வலிக்காமல் சுமந்தால் அம்மனுக்கு என்ன கொடுத்ததாக ஆகும் என்று மலாயில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். பிறகு என் கையை வேலியிடுக்கு வழியாகப் பிடித்துக்கொண்டு, “ஜாங்கான் துங்கு. பெர்கி ஹொஸ்பித்தால்,” என்றார். காத்திருக்காதே, ஆஸ்பத்திரிக்குப் போ. அவர் குரலில் இருந்த அவசரத்தை நான் நம்பினேன். நான் யாரையாவது உடனே நம்பியது அபூர்வம்.

அடுத்த முறை கடை அடைத்திருந்த ஒரு மதியம். மூத்தார் பாயில் உட்கார்ந்திருந்தார். தம்பி பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக் கழுவித் துடைத்துக்கொண்டேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக் கதவைத் தாண்டி வெளியே வந்தேன். நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

“மாமா,” என்றேன்.

நான் அவரை நேராகக் கூப்பிட்ட முதல் வார்த்தை அது. அவர் பதறிப்போய் முகத்தைத் தூண் பக்கம் திருப்பிக்கொண்டார். “டேய், உள்ள போகச் சொல்லுடா,” என்றார். என் வீட்டுக்காரர் பேப்பரை எறிந்துவிட்டு எழுந்தார். அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“நான் போறேன். அதுக்கு முன்னால ஒன்னே ஒன்னு. மாமா கண்ண மூடிக்கட்டும். நீங்க இந்த ஈர்க்கால அவரு கையத் தொடுங்க. தொட்டது தெரிஞ்சா மாமா ‘ம்’னு சொல்லட்டும். எல்லா எடத்துலயும் ‘ம்’ வந்துச்சுன்னா, கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டு எங்க அம்மா வூட்டுக்கே போயிடுறேன்.”

“இன்னியோட இவ சந்தேகம் ஒழியட்டும்ணே,” என்று சொல்லி என் வீட்டுக்காரர் ஈர்க்கைப் பிடுங்கினார். எனக்கு அவமானம் வர வேண்டும் என்றுதான் அவர் அதைச் செய்தார். மூத்தாருக்கும் அது விளையாட்டாகத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டினார்.

இடது கையில் தொட்டார். “ம்.” விரல் விரலாகத் தொட்டார். “ம், ம், ம்.” என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். வலது கைக் கட்டை விரல். “ம்.” ஆட்காட்டி விரல். “ம்.” நடு விரல். “ம்.”

மோதிர விரலின் ஓரத்தில் தொட்டார். சத்தமில்லை. சுண்டு விரலில் தொட்டார். சத்தமில்லை. கொஞ்சம் அழுத்தினார். கீழே உள்ளங்கையோரத்தில் கோடு கிழிப்பது போல இழுத்தார். மறுபடியும் சுண்டு விரலுக்கு வந்து, ஈர்க்கு வளையும் வரை அழுத்தினார். மூத்தார் கண்ணை மூடியபடி அமைதியாகக் காத்துக்கொண்டிருந்தார்.

“என்னடா நிறுத்திட்ட? தொடுடா,” என்றார்.

என் வீட்டுக்காரர் ஈர்க்கை எடுக்கவில்லை. அப்புறம், “தொட்டுக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்,” என்றார்.

மூத்தார் கண்ணைத் திறந்தார். வளைந்த ஈர்க்கு தன் விரல் மேல் நிற்பதைப் பார்த்தார். பிறகு அவர் தலையைத் தூக்கி என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளை இருட்டில் பயந்து பார்ப்பது போல இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நோயின் பெயரை நாங்கள் மூவருமே சொல்லவில்லை. அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தானே, லாரியைப் பார்த்திருப்பார். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று ஒரேயடியாக நின்றார். “போனா விடமாட்டாங்க. புடிச்சு அனுப்பிடுவாங்க. இப்பிடியே இருந்துக்கிறேன், யாருக்குத் தெரியப் போவுது?” என்றார். எனக்கும் ஆஸ்பத்திரி மேல் நம்பிக்கை இல்லை, அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் அந்தச் சுருட்டுக்காரரின் மடங்கின விரல்களை நான் பார்த்திருக்கிறேன்.

“உங்க வெரலு இன்னும் நேராத்தான் இருக்கு மாமா,” என்றேன். “இப்பப் போனா நம்ம காலால நடந்து போவோம். வெரலு மடங்குன பெறகு லாரிதான் வரும்.”

அவர் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் விடிந்ததும் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பஞ்சைத் திரித்து, நாங்கள் ஈர்க்கால் செய்ததையே செய்தார். பிறகு முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டிப் பார்த்தார். அங்கே ஒரு நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. வெளுத்த இடத்தில் கொஞ்சம் சுரண்டிச் சோதிக்க அனுப்பினார். முடிவு வரும் வரை நாங்கள் சோறு தின்றதாகவே நினைவில்லை. கடைசியில் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். அதே நோய்தான். ஆனால் பிறருக்குப் பரவும் வகை இல்லை. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம். எங்கேயும் போக வேண்டாம், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம், மாதம் ஒரு முறை வந்து காட்டினால் போதும். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் நரம்பு செத்து விரல் மடங்கியிருக்கும், அப்புறம் எந்த மாத்திரையாலும் நிமிர்த்த முடியாது. சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சிரித்துக்கொண்டு சொல்பவர்களை நான் நம்புவதில்லை. எங்களை அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பின்னாலேயே லாரியை அனுப்பப் போகிறார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். வீட்டில் எல்லாரையும், பிள்ளைகளையும்கூட, கூட்டி வரச் சொன்னபோது சந்தேகம் உறுதியாகிவிட்டது. என் முறை வந்தது. கண்ணை மூடினேன். “தெரியிது,” என்றேன். இன்னும் தொடவேயில்லை என்றார் டாக்டர். எங்கள் யாருக்கும் ஒன்றுமில்லை. அப்படியும் பல வாரங்கள் வீட்டெதிரில் லாரிச் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடினேன். மணல் லாரி போயிற்று, அன்னாசி லாரி போயிற்று, கொடி கட்டிக்கொண்டு பாட்டுப் போட்டபடி மெர்டேக்கா லாரிகள் போயின. எங்கள் வீட்டு வாசலில் ஒன்றும் நிற்கவில்லை. டாக்டர் பொய் சொல்லவில்லை என்று மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டேன்.

மாத்திரை விஷயத்தில் மூத்தாரையே நம்பவில்லை. தூக்கிப் போட்டாலும் போடுவார். தினமும் எதிரே நின்று, “வாயத் தெறங்க மாமா,” என்பேன். நாக்கைத் தூக்கச் சொல்லியும் பார்ப்பேன். முதலில் கூசிப்போனவர் பிறகு தாமாகவே வாயைத் திறந்து காட்டினார். சூடான எதையும் துணி சுற்றாமல் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் டீ ஆற்றும் வேலை தம்பிக்கு வந்தது. தம்பி ஆற்றிய டீ பாதி தரையில்தான் போயிற்று.

எங்களுக்குள் அது தீர்ந்தது. ஊருக்குத் தீரவில்லை. அடுத்த திருவிழாவில் மூத்தார் தீச்சட்டி எடுக்கவில்லை. விபூதி கொடுப்பதையும் நிறுத்திவிட்டார். காரணத்தை எப்படிச் சொல்வது? சொன்னால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். காரணம் சொல்லாத இடத்தில் ஊரே ஒரு காரணத்தை வைத்துவிட்டது. நான் மூத்தார் முன்னால் நின்று நேருக்கு நேர் பேசுவதை யாரோ பார்த்துவிட்டார்கள். மரியாதை தெரியாதவள் தீட்டோடு குறுக்கே வந்தாள், அம்மன் கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள் என்று பேச்சுக் கிளம்பியது. கோயிலில் நான் விளக்குப் போடப் போனால் பெண்கள் புடவையை ஒதுக்கிக்கொண்டார்கள். குழாயடியில் என் குடத்துக்கு வரிசை வரவே வராது.

எனக்குக் கோபம் கொதித்துக்கொண்டு வரும். ஒரு வார்த்தை போதும், அத்தனை பேர் வாயும் அடைத்துப்போகும். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல முடியாது. மீனுக்குச் செவுள் பார்க்கிறார்கள், அரிசியைக் கையில் அள்ளிப் புழு பார்க்கிறார்கள், மருமகள் கொண்டுவந்த நகையை உரசிப் பார்க்கிறார்கள். ஒரு மனுஷன் உடம்பில் ஓர் இடம் செத்துக்கொண்டிருந்தால் மட்டும் அருள் என்று கும்பிடுகிறார்கள். இதை யாரிடமும் சொல்ல முடியாமல் சட்டி பானையிடம் சொல்லித் தீர்த்தேன். சில நாள் அழுதும் இருக்கிறேன். மூத்தார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள், “எனக்காக நீ பேச்சு வாங்குறம்மா. நான் போயி உள்ளதச் சொல்லிடட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். “வெரலு வரட்டும் மாமா, அப்புறம் பாத்துக்கலாம்.”

விரல் வரவில்லை. வெளுப்பு மங்கிப்போயிற்று, மோதிர விரலின் ஓரத்தில் பஞ்சு பட்டால் தெரிகிறது என்றார். சுண்டு விரல் மட்டும் மரக்கட்டையாகவே இருந்தது. போன நரம்பு திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும், மடங்காமல் நின்றதே பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூத்தார் சரி என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்து வெகுநேரம் அந்த விரலை இடது கையால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். டீ ஆற்றிப் பெயர் வாங்கிய கை அது. நான் இன்னும் கொஞ்சம் முந்திப் பார்த்திருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மெர்டேக்கா வந்து அடுத்த ரம்புத்தான் பருவம். பீபி வீட்டு மரம் பழுத்துச் சிவந்து கிடந்தது. பறிக்க ஆளில்லை என்று எங்களைக் கூப்பிட்டார். மூத்தார் துரட்டியால் கிளையை வளைத்து, வலது கையால் கொத்துக் கொத்தாக ஒடித்துப் போட்டார். நானும் பீபியும் கீழே பொறுக்கினோம். ஒரு கிளையில் கெரெங்கா கூடு இருந்திருக்கிறது. இலையை இலையோடு தைத்துக் குடியிருக்கும் அந்தச் சிவப்பு எறும்புகளைத் தெரிந்தவர்கள் கிட்டவே போக மாட்டார்கள். கூடு உடைந்து மழை மாதிரி அவர் மேல் கொட்டியது.

“ஐயோ, கடிக்குதே!” என்று துரட்டியைப் போட்டுவிட்டுக் குதித்தார். கழுத்தைத் தட்டினார், தோளைத் தட்டினார். பீபி சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் வலது கையை உதறப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

“எங்க மாமா? எங்க கடிக்குது?” என்று கேட்டுக்கொண்டே ஓடினேன்.

சுண்டு விரலின் அடியில் ஓர் எறும்பு பல்லை இறக்கிக்கொண்டு விடாமல் பிடித்திருந்தது. நான் அதைத் தட்டிவிடக் கையை நீட்டினேன்.

“தொடாதம்மா,” என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. “கடிக்கட்டும்.”